ஸ்டாரோவுக்குச் சுண்ணாம்பு, டார்க்சைடுக்கு எது? மனவசிய வில்லன்களைப் பேச வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரில் காமிக்ஸ் பேச உட்காரும் தமிழர்களோடு புதிதாகச் சேருகிறவர்களில் பாதிப் பேர் படம் பார்த்துவிட்டு வருகிறார்கள். 2021-இல் வந்த 'தி சூசைட் ஸ்குவாட்' படத்தில், கட்டடம் உயர நட்சத்திர மீன் ஒன்று குட்டி மீன்களை உமிழ்ந்து, ஊர் மக்களின் முகத்தில் ஒட்டவைத்து ஆட்டிப்படைத்ததைப் பார்த்திருப்பார்கள். வந்ததும் "ஸ்டாரோ முகத்தில் ஒட்டுகிற ஆள்தானே?" என்று தொடங்குவார்கள். எந்த ஸ்டாரோ, எந்த ஆண்டு ஸ்டாரோ என்று எதிர்க்கேள்வி வரும். பதில் தெரியாமல் பேச்சு நின்றுபோகும். அப்படி நிற்காமல் இருக்கவே இந்தக் கட்டுரை.

வேற்றுக்கோள் வில்லன் மனித மனத்தைப் பிடிக்கும் கதைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றைப் பேசுவதற்கு எல்லாவற்றையும் படித்திருக்க வேண்டியதில்லை. இரண்டு கதையைச் சரியாகப் படித்தால் போதும். இங்கே எடுத்துக்கொள்வது 1960-ஆம் ஆண்டு ஸ்டாரோவையும் 1971-ஆம் ஆண்டு டார்க்சைடையும்.

முதல் வேலை: வில்லனை எடுக்காதீர்கள், கதையை எடுங்கள்

அறுபது ஆண்டு வாழ்ந்த வில்லன் இருபது எழுத்தாளர் கைக்குப் போய்வந்தவன். ஒவ்வொருவரும் அவனுடைய கருவியை மாற்றியிருப்பார்கள். ஆகவே "ஸ்டாரோவின் சக்தி என்ன" என்ற கேள்விக்கு விடை கிடையாது. "1960 பிப்ரவரி–மார்ச் 'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' 28-ஆம் இதழில் ஸ்டாரோ என்ன செய்கிறான்" என்று கேட்டால் உண்டு. நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியில் இதழின் பெயர், எண், ஆண்டு, எழுதியவர், வரைந்தவர் ஆகிய ஐந்தையும் எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். அந்த ஸ்டாரோ கதைக்கு எழுத்து கார்ட்னர் ஃபாக்ஸ், ஓவியம் மைக் செகோவ்ஸ்கி. ஜஸ்டிஸ் லீக் என்ற வீரர் குழு முதன்முதலாக வந்த கதையும் அதுதான்.

ஆண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்க இதழ்களின் அட்டையில் அச்சிட்ட மாதம், கடைக்கு வந்த மாதத்துக்குச் சில வாரமோ இரண்டு மூன்று மாதமோ பிந்தியது. இரண்டு மாதப் பெயர் சேர்ந்திருந்தால் அது இருமாத இதழ். ஒருவர் 1970 என்கிறார், இன்னொருவர் 1971 என்கிறார் என்றால் இருவரும் சரியாக இருக்கலாம். சண்டைக்குப் போகும்முன் அட்டைத் தேதியா, வெளிவந்த தேதியா என்று கேளுங்கள்.

புத்தகம் கிடைக்கும் இடம்

பழைய மூல இதழைத் தேடி அலைய வேண்டாம், தொகுப்பே போதும். ஸ்டாரோ கதை 'ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா: தி சில்வர் ஏஜ்' முதல் தொகுதியில் முதல் கதையாகவே இருக்கிறது. ஜாக் கர்பியின் டார்க்சைட் கதைகளுக்கு 'ஃபாரெவர் பீப்பிள்' தொகுப்பை வாங்குங்கள். எல்லாத் தொடரும் சேர்ந்த 'ஃபோர்த் வேர்ல்ட்' பெருந்தொகுதியும் உண்டு, ஆனால் ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் அந்தக் கனத்தை எல்ஆர்டி ரயிலில் தூக்கிக்கொண்டு வர முடியாது. புதிய தொகுப்புகளுக்குச் சூரியா கேஎல்சிசியில் உள்ள கினோகுனியா நல்ல இடம். பழையவற்றுக்குத் தாமான் ஜெயா நிலையத்துக்குப் பக்கத்தில் அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தை, பினாங்கில் சௌராஸ்தா சந்தையின் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகள். அங்கே குறிப்பிட்ட இதழ் கிடைக்கும் என்று போகக்கூடாது. கிடைத்ததைப் பார்க்கப் போக வேண்டும்.

பழைய இதழ் கிடைத்தே விட்டால், நம் ஊர் ஈரம் அதற்கு முதல் எதிரி. செய்தித்தாள் தரத் தாளில் அச்சிட்டவை அவை. மஞ்சளாகும், பழுப்புப் புள்ளி விழும், பூஞ்சை பிடிக்கும். பாலிபுரோப்பிலீன் உறையில், அமிலமில்லாத அட்டை பின்னால் வைத்து, நிமிர்த்தி அடுக்குங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூன்று போட்டு, நிறம் மாறும்போது மாற்றுங்கள். லேமினேட் செய்யவே கூடாது. அந்தச் சூடும் பசையும் தாளைக் கொன்றுவிடும், திரும்ப உரிக்கவும் முடியாது.

ஐந்து கேள்வி

கதையை முதலில் ஒரே மூச்சில் கதையாகப் படியுங்கள். குறிப்பெடுக்க வேண்டாம். இரண்டாம் முறை பென்சிலோடு உட்கார்ந்து, மனவசியம் வேலை செய்யும் கட்டங்களை மட்டும் பாருங்கள். அப்போது ஐந்து கேள்விக்கு விடை தேட வேண்டும். எது கடத்துகிறது: கதிரா, ஒட்டுண்ணியா, தலைக்கவசமா, பேச்சா? ஏவல் விடாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டுமா, ஒருமுறை பிடித்தால் போதுமா? பிடிபட்டவருக்குத் தான் பிடிபட்டது தெரியுமா? யாரைப் பிடிக்கவில்லை, ஏன்? எப்படி அறுகிறது, அறுப்பதற்கு யார் என்ன கொடுக்கிறார்கள்?

நான்காவதுதான் தாய்க்கேள்வி. மனவசியக் கதையில் வலை எவ்வளவு பெரியது என்று வியந்துகொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். வலையில் ஓட்டை எங்கே என்று தேடினால் எழுத்தாளர் கதையை எங்கே கட்டியிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

ஸ்டாரோவை வைத்துப் பழகுவோம்

1960 கதையில் ஸ்டாரோ விண்வெளியிலிருந்து வந்து பூமியின் நட்சத்திர மீன்கள் மூன்றைத் தன் தளபதிகளாக்குகிறான். ஒன்று விமானத்திலிருந்து அணுகுண்டைப் பறிக்கப் போகிறது. இன்னொன்று அறிவியலாளர்களையும் அவர்கள் அறிவையும் கவரப் போகிறது. மூன்றாவது ஹேப்பி ஹார்பர் என்ற சிற்றூருக்குப் போகிறது, அங்கேதான் மக்கள் மனத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது. முகத்தில் ஒட்டும் குட்டி மீன் இந்தக் கதையில் இல்லவே இல்லை. ஊர் முழுக்கத் தொலைவிலிருந்தே வசப்படுகிறது. முகத்தில் நட்சத்திரம் ஒட்டிய வீரர்களை 1981-இல் 'ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா' 189, 190 இதழ்களில், ஜெரி கான்வே எழுதி ரிச் பக்லர் வரைந்த கதையில் பார்க்கலாம். படம் பார்த்து வருகிறவர்கள் மனத்தில் இருப்பது அந்தப் பிந்திய ஸ்டாரோ. இரண்டையும் கலந்து பேசினால் முதல் கேள்வியிலேயே வழுக்கி விழுவீர்கள்.

ஹேப்பி ஹார்பரில் ஸ்னாப்பர் கார் என்ற இளைஞன் மட்டும் பிடிபடவில்லை. குடும்பமே மயங்கி நிற்கும்போது அவன் தெளிவாக இருக்கிறான். வீரர்கள் அவனை ஆராய்ந்ததில் அவன் உடம்பில் கால்சியம் ஆக்சைடு இருக்கிறது. வீட்டுப் புல்தரைக்கு அவன் சுண்ணாம்பு தூவியிருக்கிறான், அவ்வளவுதான். கடைசியில் அதே சுண்ணாம்பைத் தூவித்தான் ஸ்டாரோவை அடக்குகிறார்கள்.

நம் ஆட்கள் அடிக்கடி இடறும் இடம் இது. ஆங்கிலப் பிரதியில் இருக்கும் 'லைம்' என்ற சொல்லை, தே ஓ ஐஸ் லீமாவ் என்ற எலுமிச்சைத் தேநீரைக் குடித்துக்கொண்டே படிக்கிறவர் எலுமிச்சை என்று எடுத்துக்கொள்கிறார். புளிப்புச் சாறு கடல் உயிரைக் கொல்லும் என்று விளக்கமும் கொடுத்துவிடுகிறார். அது வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் குடும்பம், புளிப்புக்கு, அதாவது அமிலத்துக்கு, நேர் எதிரான காரம். இன்னும் நுட்பமாகச் சொன்னால் சுண்ணாம்பில் மூன்று நிலை உண்டு. பாறையாக வெட்டி எடுப்பது கால்சியம் கார்பனேட். அதைச் சூளையில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஆக்சைடு. அதில் தண்ணீர் விட்டால் கொதித்து, வெந்து, நீற்றிய சுண்ணாம்பாகிறது. வெற்றிலைக்கடைக் கிண்ணத்தில் இருப்பது இந்த மூன்றாவது. கதை சொல்வது இரண்டாவதை. ஈரம் பட்டால் சூடேறி அரிப்பது அதுதான்.

நட்சத்திர மீனுக்கு அது ஏன் எமன் என்று கேட்டால் உயிரியலிலேயே விடை இருக்கிறது. அதன் மேல்தோலில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய செவுள்கள் உண்டு, அவற்றின் வழியே மூச்சு விடுகிறது. சுட்ட சுண்ணாம்புத் துகள் அங்கே விழுந்தால் தோல் வெந்துபோகும். சிப்பி வளர்ப்பவர்கள் தங்கள் படுகைகளில் நட்சத்திர மீனை ஒழிக்க இதைத் தூவியது உண்மையான வழக்கம். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் புளித்த மண்ணைத் திருத்தச் சுண்ணாம்பு போடுவது தெரியும். புல்தரைக்குப் போடுவதும் அதற்காகத்தான், ஆனால் அதற்குப் பொதுவாகப் போடுவது சுடாத பாறைத் தூள். ஸ்னாப்பர் சுட்ட சுண்ணாம்பைத் தூவினான் என்பது கதைக்குத் தேவைப்பட்ட சின்ன வளைவு.

மேசையில் கேட்க வேண்டிய நல்ல கேள்வி ஒன்று இங்கே இருக்கிறது. சுண்ணாம்பு மீனைக் கொல்வது சரி. மீனுக்கு நஞ்சாக இருப்பது மனிதனுக்குக் காப்பாக எப்படி ஆனது? தோலில் படிந்த தூள் மனத்துக்கு வரும் ஏவலைத் தடுப்பானேன்? ஃபாக்ஸ் இதைத் தீர விளக்கவில்லை. குறை என்று தள்ளுகிறவர்களும் உண்டு. எங்கள் கருத்தில் அதுதான் கதையின் அழகு: ஊரையே காத்த மருந்து ஒரு பையனின் வீட்டு வேலையிலிருந்து வந்தது.

தமிழில் சொல்ல என்ன சொல்

'மைண்ட் கன்ட்ரோல்' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சுட்டினால் பேச்சு மழுங்கிவிடும். தமிழில் நமக்கு இதைவிடக் கூர்மையான சொற்கள் இருக்கின்றன. தூரத்திலிருந்து ஒருவரைச் செயல்பட வைப்பது ஏவல். கண்ணும் காதும் பொய்யாகக் காட்டுவது மயக்கு. நாள்பட்ட பேச்சாலும் அச்சத்தாலும் நம்பிக்கையையே மாற்றுவது மூளைச்சலவை. விரும்பிப் பின்னால் வரச்செய்வது வசியம். மாண்ட்ரேக் கதைகளைத் தமிழில் படித்தவர்களுக்குக் கைச்சைகையால் வரும் மயக்கு நன்றாகவே தெரியும். ஸ்டாரோ செய்வது ஏவல். 1960-இலேயே 'ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா' முதல் இதழில் வந்த டெஸ்பெரோ மூன்றாம் கண்ணால் செய்வதை என்ன சொல்லில் வைப்பது என்று நீங்களே வைத்துப் பாருங்கள், நல்ல பயிற்சி. டார்க்சைடிடம் வரும்போது எல்லாச் சொல்லும் ஒன்றாகத் தேவைப்படும்.

டார்க்சைட்: மூன்று அடுக்காகப் பிரியுங்கள்

1970-இல் கர்பி மார்வெலிலிருந்து டிசிக்கு வந்து உருவாக்கிய வில்லன் டார்க்சைட். அப்போகாலிப்ஸ் என்ற கோளின் அதிபதி. தானோஸைப் பார்த்து எடுத்த நகல் என்று யாராவது சொன்னால், தானோஸ் 1973-இல் வந்தவன் என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

அவன் தேடுவது ஆன்ட்டி-லைஃப் ஈக்வேஷன், தமிழில் உயிர்மறுப்புச் சமன்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா உயிரின் எண்ணத்தையும் வெளியிலிருந்தே ஆளும் ஆற்றல் அது. புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, அது அவனிடம் இருப்பதாகப் பேசுவது. கர்பியின் 1971–72 கதைகளில் அவன் அதைத் தேடிக்கொண்டே இருக்கிறான். இரண்டாவது தவறு, கண்ணிலிருந்து பாயும் ஒமேகா ஆற்றலை இதோடு சேர்ப்பது. அது ஆட்களை இருந்த இடத்திலிருந்து அகற்றும் ஆற்றல். 'ஃபாரெவர் பீப்பிள்' 6-ஆம் இதழில் அது வீரர்களை வேறு வேறு காலத்துக்கு எறிகிறது. யார் மனத்தையும் அது ஆள்வதில்லை.

ஆக முதல் அடுக்கு சமன்பாடு, அவன் கையில் இல்லாதது. இரண்டாவது அடுக்கு, டார்க்சைடின் சித்திரவதை நிபுணன் டிசாடின் கருவிகள். 'நியூ காட்ஸ்' 2-ஆம் இதழில் அச்சத்தைப் பரப்பும் இயந்திரம் ஒன்றை அவன் சோதிக்கிறான். 'ஃபாரெவர் பீப்பிள்' 4-இல் ஹேப்பிலேண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா வருகிறது. சிறைப்பட்டவர்கள் பார்வையாளர்களின் கண்முன்னாலேயே துன்பப்படுகிறார்கள். டிக்கெட் எடுத்து வந்தவர்களுக்கு அது வேடிக்கைக் காட்சியாகத் தெரிகிறது. இங்கே கைதிகளைவிட வேடிக்கை பார்க்கும் குடும்பங்களே பெரிய இரைகள், ஏனென்றால் தாங்கள் மயக்கப்பட்டது அவர்களுக்குத் தெரியாது. மூன்றாம் கேள்வியை இந்த இதழில் கட்டாயம் கேளுங்கள். பத்தாண்டு இடைவெளியில் வந்த இரண்டு கதையிலும் மனம் பறிபோகும் இடத்தின் பெயரில் 'ஹேப்பி' இருப்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது அடுக்கு டார்க்சைடின் ஆளான குளோரியஸ் காட்ஃப்ரி, 'ஃபாரெவர் பீப்பிள்' 3-ஆம் இதழ். இவனுடைய கருவி பேச்சு. கூடாரத்தில் கூட்டம் கூட்டி, உங்கள் குழப்பமெல்லாம் தீரும் என்று வாக்குக் கொடுக்கிறான். கேட்டவர்கள் ஜஸ்டிஃபையர்கள் ஆகிறார்கள், தலைக்கவசம் மாட்டுகிறார்கள், முகம் மறைகிறது, பிறகு எதையும் செய்யலாம். பேச்சுக்குப் பிறகுதான் கவசம் வருகிறது என்ற வரிசையைக் கவனிக்காமல் விட்டால் காட்ஃப்ரியை வெறும் தலைக்கவச வில்லனாக்கிவிடுவீர்கள். கவசத்தைக் கழற்றினால் ஆள் தெளிவானா, அல்லது பேச்சு ஏற்கெனவே வேலையை முடித்துவிட்டதா? ஒரு மணி நேரம் பேசத் தகுந்த கேள்வி இது.

இனி நான்காம் கேள்வி. கர்பி வைத்த ஓட்டை ஸ்டாரோ கதையைவிட ஆழமானது. 5-ஆம் இதழில் சமன்பாடு கடைசியில் ஒருவரிடம் கிடைக்கிறது, ஆனால் அவர் வில்லன் இல்லை. சோனி சூமோ என்ற ஜப்பானிய மல்லர். மதர் பாக்ஸ் என்ற உயிருள்ள பெட்டியின் துணையோடு அந்த ஆற்றல் அவருக்குள் விழிக்கிறது. ஒரு சொல்லால் காவலர்களை அடக்கி ஹேப்பிலேண்ட் கைதிகளை மீட்கிறார். நல்லவர் கையில் இருப்பதால் அந்த ஆற்றல் நல்லதாகிவிடுமா? காவலர்களின் மனத்தை எடுத்ததும் மனத்தை எடுத்ததுதானே? 8-ஆம் இதழில் அதே ஆற்றலோடு பிறந்த கோடீஸ்வரர் பேட்ஸ் வருகிறார். சுற்றி இருப்பவர்களையெல்லாம் பொம்மையாக்கி வாழ்ந்தவர். டார்க்சைட் அவரை நெருங்கிவிட்ட நேரத்தில் ஒரு காவலாளியின் துப்பாக்கிக் குண்டு பட்டு அவர் இறந்துபோக, சமன்பாடு மறுபடி கைநழுவுகிறது. சூமோவையும் பேட்ஸையும் எதிரெதிரே வைத்து வாசியுங்கள். டார்க்சைடுக்குச் சுண்ணாம்பு எது என்ற கேள்விக்கு விடை இந்த இருவருக்கும் நடுவில்தான் தேட வேண்டும்.

பிற்காலக் கதைகளைத் தனித்தாளில் எழுதுங்கள். 2008-இல் கிரான்ட் மோரிசன் எழுதிய 'ஃபைனல் கிரைசிஸ்' கதையில் சமன்பாடு டார்க்சைடின் கையில் வந்துவிட்டது. மின்னஞ்சல் வழியாகவும் கைப்பேசி வழியாகவும் பரவுகிறது. முகத்தில் மெட்ரான் என்ற 'நியூ காட்ஸ்' பாத்திரத்தின் சின்னத்தை வரைந்துகொண்டவர்களை அது பிடிப்பதில்லை. நெற்றியில் பூசும் காப்பு நமக்குப் புதிதல்ல என்பதால் அந்தப் பக்கத்தில் நம் வாசகர்கள் நின்று நிதானிப்பார்கள். அங்கே பேச நிறைய இருக்கிறது, ஆனால் அந்த விதிகளை 1971 கதைக்குள் கொண்டுபோய்த் திணிக்காதீர்கள்.

படத்தையும் படியுங்கள்

வசப்பட்டவர்களை ஓவியர் எப்படிக் காட்டுகிறார் என்று பாருங்கள். கண்ணில் பாப்பா இல்லாமல் வெள்ளையாக விட்டிருக்கிறாரா, பேச்சுக் குமிழின் விளிம்பு மாறியிருக்கிறதா, கூட்டத்தில் எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறதா? 1981 ஸ்டாரோ கதையில் முகமே மூடிவிடுவதால் உடையை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்ள முடிகிறது. ஜஸ்டிஃபையர்களிடம் அதுவும் இல்லை, எல்லாருக்கும் ஒரே கவசம். யாருடைய முகம் பறிபோகிறது, யாருடையது மிச்சமிருக்கிறது என்பதை ஓவியரே நான்காம் கேள்விக்கு விடையாக வரைந்து வைத்திருப்பார்.

உட்கார்ந்து பேசும் நாள்

ஐந்து முதல் ஏழு பேர் நல்ல எண்ணிக்கை. அதற்கு மேல் போனால் பேச்சு இரண்டாக உடைந்துவிடும். பிரிக்ஃபீல்ட்ஸில் மாமாக் கடையில் உட்காருவதானால் சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்து, மாலை மூன்றரை மணி வாக்கில் போங்கள். பந்து விளையாட்டு ஓடும் திரைக்குக் கீழே உட்கார வேண்டாம். ரொட்டி சானாய் தின்ற கை புத்தகத்தில் படக்கூடாது, ஆகவே முதல் அரை மணி சாப்பாடு, கை கழுவிய பிறகு புத்தகம். தே தாரேக் கோப்பைகளைப் பக்கத்து மேசைக்கு நகர்த்திவிடுங்கள். தொண்ணூறு நிமிடம் போதும்.

பேச்சைத் தொடங்குகிறவர் கதையைச் சொல்லக்கூடாது, எல்லாரும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தைத் திறந்து காட்டி, பக்க எண்ணைச் சொல்லி, ஐந்தில் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். எதிர்த்துப் பேசுகிறவரும் பக்கத்தைக் காட்டித்தான் பேச வேண்டும். "எங்கோ படித்தேன்" என்று வருவதைத் தாளின் ஓரத்தில் குறித்துவைத்து, இதழ் எண் தெரிந்த பிறகு பேசலாம். வயதில் மூத்த அண்ணன் அக்காமார் பழைய இதழ்களை அதிகம் படித்திருப்பார்கள். அவர்களிடம் கதையைச் சொல்லச் சொல்லாமல், முதலில் படித்தபோது அது எந்த வடிவில் கையில் கிடைத்தது என்று கேளுங்கள். எந்தப் பதிப்பு, எது வெட்டப்பட்டது என்ற தகவல் அப்படித்தான் வெளியே வரும்.

சந்திப்பு முடிந்ததும் ஐந்து கேள்விக்கும் கிடைத்த விடையை ஐந்து வரியில் எழுதி, புலன (வாட்ஸ்அப்) குழுவில் அன்றே போட்டுவிடுங்கள். மறுநாள் என்றால் யார் எதைச் சொன்னார் என்பது கலந்துவிடும்.

அடுத்த கதைக்கு 1985-இல் ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த சூப்பர்மேன் ஆண்டிதழ் 11-ஐ எடுங்கள். மங்குல் என்ற வேற்றுக்கோள் வில்லன் ஒரு செடியைக் கொண்டுவருகிறான். அது நெஞ்சில் பற்றிக்கொண்டு, ஆசைப்பட்ட வாழ்க்கையைக் கனவாகக் காட்டி ஆளை அசையவிடாமல் வைக்கிறது. கட்டளையே இல்லாத சிறை. கொண்டுவந்தவனை மட்டும் அந்தச் செடி எப்படிப் பிடிக்காமல் விட்டது? மங்குலின் கையுறை தெரியும் கட்டங்களை எண்ணிக்கொண்டு வாருங்கள், கடைசியில் அந்தக் கையுறை யார் கைக்குப் போகிறது என்பதையும் சேர்த்து.